காலை வணக்கம் சொன்ன அலைத் திருடர்கள்

அத்தியாயம் 5

டிடெக்டிவ் லெசாமாவுக்கு நீச்சல் தெரியாது. கணுக்கால் அளவுத் தண்ணீரைக்கூட, எதையோ மறைத்துக்கொண்டு நிற்கும் ஆசாமியைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். அப்படிப்பட்டவரை ஒரு வியாழக்கிழமை காலையில், டிரினிடாட்டின் வடகிழக்கு மூலையில், கடல் இரைச்சல் காதைப் பிய்க்கும் சான் சூசி கிராமத்துக்கு வரவழைத்த கேஸ் இது: யாரோ அலையைத் திருடுகிறார்கள்.

நான் அவருடைய உதவியாளன், நைஜல் சூக்கூ. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தேன். அதைப் படித்தவனுக்கு இந்தத் தீவில் இரண்டு வேலைதான் உண்டு. இன்னொருவனுக்குச் சமூகவியல் சொல்லிக்கொடுக்கலாம், அல்லது லெசாமாவின் பையைத் தூக்கலாம். பை கொஞ்சம் கனம் குறைவு.

எங்களை இறக்கிவிட்ட மாக்ஸி வேனின் டிரைவர் பெப்பர், பாட்டுச் சத்தத்தைக் குறைக்காமலே ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"சாயங்காலம் கடைசி ட்ரிப்புக்கு இங்கயே வந்துடுங்க மிஸ்! நிக்க வேணாம், உக்காந்தே இருக்கலாம். இந்த ரூட்லயே நம்ம சான் சூசி ஸ்டாப்ல மட்டும்தான் சீட்டு உண்டு!"

சீட்டு என்று அவர் சொன்னது ஓர் அண்டாவை. மிஸ் யூனாவின் பெட்டிக்கடை வாசலில், சாலையோரமாக, ஆளுயரத்தில் பாதி இருக்கும் கனத்த இரும்பு அண்டா ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் ஓர் அட்டையைப் போட்டு மூன்று பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் வேனில் ஏறிக்கொண்டார்கள். போகிறபோது ஒருத்தி விசிறிக்கொள்ள அட்டையையும் எடுத்துப் போய்விட்டாள். காலியான இடத்தில் லெசாமா, தன் க்ரீம் கலர் ஸ்கர்ட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டு, நீதிபதி மாதிரி அமர்ந்தார்.

எங்களை வரச்சொன்ன கெர்வின் மர்ச்சன் ஓடிவந்து நின்றான். வெயிலில் தலைமுடி செம்பட்டையாகிப்போன இளைஞன். சாங்ரே கிராண்டேயில் மொபைல் ரிப்பேர் கடையில் வேலை.

"மிஸ், நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கல. ஆர்லீன் மேல சத்தியமா."

"ஆர்லீன் யாரு?"

"நான் கட்டிக்கப் போற பொண்ணு. போறேனா இல்லையாங்கறதுதான் கேஸே."

அவன் மூச்சு வாங்கச் சொன்னதன் சாரம் இதுதான். மேற்கே மேட்லாட் கிராமத்தோடு சாலை முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் படகில்தான் போக முடியும். அங்கே ஒரு குடாவில், வடக்கே அட்லாண்டிக்கில் எங்கோ புயல் கிளம்பினால் மட்டும் எழும்பும் ஓர் அலை உண்டு. பெயர் பல் டாக்டர். அஜாக்கிரதையாகப் போனவர்கள் ஒரு பல் குறைவாகத் திரும்புவதால் அந்தப் பெயர். அந்த அலையில் சறுக்கப் போகும் குழு நாலு பேர்: கேப்டன் ஆல்ட்வின் கெர்ரா, அவருடைய தங்கை ஆர்லீன், எப்போதும் தூங்கும் லூயி, பிறகு கெர்வின். இந்த சீசனில் எப்போது போனாலும், இவர்கள் போய்ச் சேர்வதற்குள் அரிமா ஊர்ப் பையன்கள் அலைமேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அரிமாவா? அங்க கடலே கிடையாதே!" என்றேன்.

"அதான் பார்ட்னர், இன்னும் வலிக்குது."

"சண்டை போட்டாங்களா?" என்றார் லெசாமா.

"இல்ல மிஸ். காலை வணக்கம் சொன்னாங்க." கெர்வினுக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. "ஃபின்லின்னு ஒருத்தன். அவங்க தலைவன். சறுக்குற போர்டு மேல உக்காந்துக்கிட்டு, தொப்பியக்கூடக் கழட்டி..."

"கடல் ஏறப்போறது இப்ப எல்லார் போன்லயும் வருமே. அதைப் பார்த்துட்டு வந்திருக்கலாம்," என்றார் லெசாமா.

"ஏறும்னுதான் வரும். எந்த நாள், எந்தக் கரைன்னு கேப்டன் முடிவு பண்ணுவாரு. நாலு பேருக்குத்தான் தெரியும். நான் போன் கடைல இருக்கேனா, அதனால நான்தான் சொன்னேங்கறாரு. சனிக்கிழமை அலை வருது மிஸ். அதுக்குள்ள யாருன்னு தெரியலன்னா போட்ல எனக்கு இடமில்ல. ரகசியம் காக்கத் தெரியாதவனுக்குத் தங்கச்சியும் இல்லன்னுட்டாரு."

லெசாமா எழுந்தார். "கேப்டனைப் பார்க்கலாம்."

அவர் முன்னே நடந்தபோதுதான் அதைக் கவனித்தேன். க்ரீம் கலர் ஸ்கர்ட்டின் பின்புறம் கன்னங்கரேலென்று ஒரு பெரிய வட்டம். அண்டாவின் அடிக்கரி. அட்டை எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மேலதிகாரியின் பின்புறத்தைப் பற்றி எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் சொல்லித்தருவதில்லை.

கேப்டன் கெர்ரா மணலில் ஏற்றிவைத்த தன் படகின் நிழலில் போர்டுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். மீனவர். சம்மட்டி மாதிரித் தோள். குரலும் அதே கடையில் வாங்கியது.

"நாங்க ட்ரிப்புக்குத் திட்டம் போடுற அழகக் கேளுங்க மிஸ். முதல்ல எல்லார் போனும் மீன் ஐஸ்பெட்டிக்குள்ள போயிடும். எந்த நாள்னு வாயால சொல்றதே இல்ல. மணல்ல குச்சியால எழுதுவேன், படிச்சதும் காலால அழிச்சிடுவேன். போர்டெல்லாம் வலைக்கு அடியில. பெட்ரோல் முந்தின வாரமே வாங்கிடுவேன். கிளம்புறப்ப மீன் பிடிக்கப் போற மாதிரி ஆளுக்கொரு தூண்டில் கையில."

"தூண்டில்ல இரை?" என்றேன்.

"உண்டு," என்றார் பெருமையாக. "என்னை என்ன அரைகுறைன்னு நெனச்சியா?"

கார்னிவல் பட்டறைகள் தங்கள் புது உடைகளுக்குக்கூட இவ்வளவு பந்தோபஸ்து செய்வதில்லை.

"இவ்வளவு பண்ணியும் கசியுதுன்னா உள்ளுக்குள்ள துரோகி இருக்கான்." கேப்டன் கெர்வினைப் பார்க்காமலே கெர்வினைப் பார்த்தார்.

"ஆமாமா. போன் ரிப்பேர் பண்றவன்தான் சொல்லியிருப்பான்." படகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இளம்பெண் எழுந்தாள். கையில் வார்னிஷ் பிரஷ். ஆர்லீன். "தூக்கத்துல உளறுற லூயிய மட்டும் ஏன்ணே சந்தேகப்பட மாட்டேங்கற?"

"அவன் மீன் பேரு மட்டும்தான் உளறுவான்."

தென்னைமரத்தடியில் தொப்பியால் முகத்தை மூடிக் கிடந்த உருவம், "வஞ்சிரம்," என்றது.

"பாத்தியா?" என்றார் கேப்டன்.

லெசாமா, தண்ணீர் எட்டாத பக்கமாகப் படகைச் சுற்றி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பலகைத் தளத்தின் நடுவில் ஒரு கருவட்டம். கழுவிக் கழுவி மங்கியும் போகாத வட்டம்.

"இது என்ன கறை?"

"அதுவா? இருக்கும் மிஸ். போட்டுன்னா ஆயிரம் கறை."

பொய் சொல்பவரின் குரல் இல்லை அது. தன் வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று கேட்கப்பட்டவரின் குரல். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பல வருடம் பொய் விபத்துகளைப் பிடித்துத் தந்தவர் லெசாமா. அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியும். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

படகுக்குள் ஒரு வட்டம். குனிந்தவரின் பின்னால் ஒரு வட்டம். நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டும் அச்சு அசலாக ஒரே கரி.

கடைக்குத் திரும்பும் வழியில் தைரியத்தைத் திரட்டிக்கொண்டேன்.

"மிஸ், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சம்பளம் பத்தியா?"

"அதைவிட ஆபத்தான விஷயம். உங்க ஸ்கர்ட்டு... பின்னாடி... போட்ல இருந்த அதே வட்டம்."

லெசாமா கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். போதவில்லை. வழியிலிருந்த சிறு பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இடுப்பைத் திருப்பிப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து?"

"காலைலேர்ந்து."

"ஊரே பார்த்திருக்கும்."

"ஊர் மட்டும்தான் மிஸ். லூயி தூங்கிட்டிருந்தான்."

என் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவருடைய இடது புருவம் மெல்ல மேலே ஏறியது. அது ஏறினால் கேஸ் முடிவை நோக்கி இறங்குகிறது என்று அர்த்தம்.

"முட்டாளே," என்றார் அன்பாக. "இதைக் காலைலயே சொல்லியிருந்தா மத்தியான வேன்லயே ஊர் திரும்பியிருக்கலாம்."

மிஸ் யூனா கடைக்குள் பிஸ்கட் டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்காரர். புருஷன் கப்பலில் வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டதால் தனியாக இருப்பவர்.

"அண்டாவா? இந்தக் கரையிலயே அதுதான் பெருசு. யாராவது செத்தா போகும். கல்யாணம்னா போகும். குழந்தைக்கு ஞானஸ்நானம்னா போகும். மத்த நேரம் வாசல்ல உக்காந்திருக்கும், ஜனங்க அது மேல உக்காந்திருப்பாங்க."

"வேற யாருக்கும் தர்றதில்லையா?"

"தரமாட்டேன்." ஒரு டப்பாவை இரண்டாம் முறை துடைத்தார். "ஆல்ட்வின் கேட்டா மட்டும்... எதுக்குன்னு கேக்கறதில்ல."

ஒரு கடைக்காரர் ஒரே டப்பாவை மூன்றாம் முறை துடைத்தால் என்ன பொருள் என்று சமூகவியலில் ஒரு பாடம் இருந்தது. அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை.

கடைசி ட்ரிப்புக்கு பெப்பரின் வேன் வந்து நின்றது. லெசாமா ஏறவில்லை. ஜன்னலருகே போனார்.

"பெப்பர், ராத்திரி வீட்டுக்குப் போனா ரூட்டைப் பத்திப் பேசுவீங்களா?"

"வேற என்ன மிஸ் இருக்கு பேச? ரோடுல குழி, மாடு குறுக்க வந்தது... மச்சான் ஆர்வமா கேப்பான். என் பொண்டாட்டியோட தம்பி."

"சான் சூசி பத்தி?"

"அதையும் கேப்பான். 'ஸ்டாப்ல ஜனங்க உக்காந்திருந்தாங்களா, நின்னாங்களா?'ன்னு. பாவம், ஜனங்க மேல அவ்வளவு அக்கறை! நின்னாங்கன்னு சொன்னா உடனே, 'யாராவது செத்தாங்களா, கல்யாணமா?'ம்பான். இல்லடான்னு சொன்னா குஷியாப் போயி மெழுகு தேய்க்க ஆரம்பிச்சுடுவான்."

"மச்சான் பேரு?"

"ஃபின்லி."

வேன் போனபின் ஐந்து பேரும் படகைச் சுற்றி நின்றோம். லூயி படுத்திருந்தான்.

"பேரைச் சொல்லுங்க மிஸ்," என்றார் கேப்டன். "யாரு அந்தத் துரோகி?"

"நீங்கதான், கேப்டன்."

கெர்வின் வாயைத் திறந்தான். ஆர்லீன் பிரஷ்ஷைக் கீழே போட்டாள். கேப்டன் கையிலிருந்த மெழுகுக் கட்டியை இறுக்கிப் பிடித்தார்.

"மணல்ல எழுதினீங்க. அழிச்சீங்க. தூண்டில்ல இரைகூட வச்சீங்க," என்றார் லெசாமா. "ஆனா கிளம்புறதுக்கு முந்தின நாள் மத்தியானம் என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணல! அண்டாவ வாங்கிட்டு வந்தேன், அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"பெலாவ் பண்ண!" இப்படியும் ஒரு கேள்வியா என்று அவர் எங்கள் எல்லோரையும் பார்த்தார். "கடற்கரைக்குப் போறோம். சர்க்கரையக் கருக்கி, கோழியப் போட்டு, பச்சைத் துவரை, அரிசி, தேங்காப்பால்... அது இல்லாம எப்படி மிஸ்?"

"பக்கத்துக் கரைல சறுக்குனா வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவீங்க. அண்டா படகுல ஏறுதுன்னா வீடே இல்லாத இடத்துக்குப் போறீங்கன்னு அர்த்தம். பல் டாக்டர். ஊர்ல சாவு இல்ல, கல்யாணம் இல்ல, அண்டா மட்டும் இல்ல. ஸ்டாப்ல ஜனங்க நிக்கிறாங்க. பெப்பர் பார்க்கறாரு, ஃபின்லிகிட்டச் சொல்றாரு. மறுநாள் விடியறப்ப உங்களுக்குக் காலை வணக்கம்."

அலை ஒன்று வந்து திரும்பியது.

"கெர்வின், உனக்குக்கூடவாடா தோணல?" என்றாள் ஆர்லீன்.

"அண்டா இல்லாம போறதப் பத்தி யாரு யோசிப்பா?" என்றான் அவன் பரிதாபமாக. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட அவனுக்கு அது தோன்றியிருக்கவில்லை.

கேப்டன் கெர்வினிடம் போய், தன் கையிலிருந்த மெழுகுக் கட்டியை அவன் கையில் வைத்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. மெழுகு வரும்.

"சரி, இந்தத் தடவை அண்டா வேணாம்," என்றேன் உற்சாகமாக. "பிரெட்டு, ஜாம் எடுத்துட்டுப் போகலாம்."

நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த லூயியும் தொப்பியை விலக்கிப் பார்த்தான். செத்தவரைப் பற்றி அவதூறு சொன்னவனை அப்படித்தான் பார்ப்பார்கள்.

"அண்டா போகணும்," என்றார் கேப்டன்.

"போனா ஃபின்லி வருவான்," என்றான் கெர்வின்.

ஆர்லீன் கையைக் கட்டிக்கொண்டாள். "அண்டா வெளிய போறதுக்கு ஊர்ல மூணே காரணம். ஒண்ணு சாவு. ஒண்ணு கல்யாணம். ஒண்ணு குழந்தை. குழந்தை கையில இல்ல. அண்ணே, நீ சாகறியா, இல்ல எனக்கு நிச்சயம் பண்றியா?"

கேப்டன் கடலைப் பார்த்தார். சனிக்கிழமை வரப்போகும் அலையின் முதல் மடிப்புகள் தூரத்தில் தெரிய ஆரம்பித்திருந்தன. ஒரு மனிதன் தன் தங்கையின் வாழ்க்கையைப் பற்றியும் வடக்கிலிருந்து வரும் அலையைப் பற்றியும் ஒரே நேரத்தில் யோசிப்பதை அன்றுதான் பார்த்தேன். அலை ஜெயித்தது.

"மோதிரம் இருக்காடா?" என்றார் கெர்வினிடம்.

"போன வருஷத்துலேர்ந்து பாக்கெட்லயே இருக்கு கேப்."

மறுநாள் மத்தியானம் அண்டா பட்டப்பகலில், பகிரங்கமாக, வாசலில் மிஸ் யூனா கையசைக்கப் போனது. கடைசி ட்ரிப்பில் பெப்பர் வேனை நிறுத்தினார். ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். யார் செத்தது என்று அவர் கேட்குமுன் லெசாமாவே ஜன்னலுக்குப் போனார்.

"ஆர்லீனுக்கும் கெர்வினுக்கும் நாளைக்கு நிச்சயதார்த்தம். கேப்டன் சம்மதிச்சுட்டாரு."

"அடடே!" என்று ஹாரனை அடித்துக்கொண்டே போனார் பெப்பர்.

சனிக்கிழமை விடியலில் படகு கிளம்பியது. லெசாமா இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, படகின் நடுவில் அண்டாவைக் கட்டிப்பிடித்தபடி வந்தார். அவருடைய ஃபீஸ், அதாவது இரண்டு தட்டு பெலாவ், அதற்குள்தான் வேகப்போகிறது. அதைப் பாதுகாக்கிறாராம்.

மேட்லாட் தாண்டி, மலை நேராகக் கடலில் இறங்கும் பாறைமுனையைச் சுற்றியதும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். குடா கண்ணாடிபோல விரிந்தது. அதன் கோடியில் பல் டாக்டர் எழுந்து, நின்று, நிதானமாகச் சுருண்டார். பக்கத்தில் ஓர் ஆளில்லை. இரண்டு கடற்பறவைகள் மட்டும். அவையும் எங்களை வரவேற்கவில்லை.

"காலை வணக்கமே இல்ல," என்றார் கேப்டன்.

முதல் அலை எப்போதும் கேப்டனுக்கு. அது அவர்கள் குழுவின் சட்டம். அன்று அவர் தன் போர்டைத் தண்ணீரில் இறக்காமல் கெர்வினின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"போடா மாப்பிள்ளை. நீதான் முதல்ல."

கெர்வின் போனான். அலை வந்தது. ஏறினான், அழகாக எழுந்து நின்றான், கரையிலிருந்த ஆர்லீனைப் பார்த்தான். அலைமேல் நிற்கிறவன் பார்க்கவே கூடாத திசை அது. அவனைக் காணவில்லை, போர்டு மட்டும் வானத்தில் இருந்தது. கொஞ்சம் தள்ளி வெளியே வந்தவன் ஒரு கையால் வாயைத் தடவிப் பார்த்துவிட்டு மறு கையைத் தூக்கினான். எல்லாப் பல்லும் இருந்தது. ஆர்லீன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மணலில், அண்டாவின் புகையில், கண்ணைக் கசக்கிக்கொண்டே மோதிரம் போட்டுக்கொண்டாள். லூயி விழித்திருந்து சாட்சி சொன்னான்.

சாயங்காலம் சான் சூசிக்குத் திரும்பினால், கேப்டன் வீட்டு வாசலில் ஒரு கூட்டம்.

இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் ஆறு இளைஞர்கள், வரிசையாக. முன்னால் நின்றவன் கையில் சாட்டின் நாடா கட்டிய பெரிய பெட்டி. மிக்ஸி என்று படம் போட்டிருந்தது. நம் தீவில் விசேஷம் என்று காதில் விழுந்தால் போதும், அழைப்பு என்பதெல்லாம் வெறும் சம்பிரதாயம். பெப்பர் சொல்லியிருக்கிறார், ஃபின்லி கிளம்பி வந்துவிட்டான்.

"காலைலேர்ந்து நிக்கிறோம்," என்றான் ஃபின்லி. அவன் கண் எங்கள் ஈரத் தலைகளிலிருந்து, போர்டுகளுக்கு, போர்டுகளிலிருந்து அண்டாவுக்குப் போனது. முகம் மெல்ல மெல்ல விழுந்தது. "நிச்சயதார்த்தம் எங்க நடந்துச்சு?"

கேப்டன் கெர்ரா அண்டாவைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

"காலை வணக்கம்," என்றார்.

ஆனால் வாசலுக்கு வந்தவனைச் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கம் இந்தக் கரையில் கிடையாது. அண்டாவின் அடியில் மிச்சமிருந்தது ஆறு தட்டுக்குப் போனது. லெசாமா அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மிஸ், அதுல உங்க ரெண்டாவது தட்டு போகுது," என்றேன்.

"தெரியும். எழுதி வச்சுக்கோ. இந்த கேஸ்ல உண்மையான திருட்டு இப்பதான் நடந்திருக்கு."

ஃபின்லி எலும்பைக் கடித்துக்கொண்டே, "நிச்சயம் முடிஞ்சுடுச்சு. அடுத்த அலைக்கு என்ன கேப்டன் சாக்கு?" என்று சிரித்தான்.

"கல்யாணம்," என்றான் கெர்வின்.

"அதுக்கடுத்த அலைக்கு?"

"ஞானஸ்நானம்," என்றாள் ஆர்லீன். "ஆனா அதுக்குக் கொஞ்சம் நாளாகும். அதுவரைக்கும் அண்ணே, நீயும் எதாவது பண்ணணும்."

அண்டாவைத் திருப்பி வாங்கிப்போக வந்திருந்த மிஸ் யூனா இடுப்பில் கைவைத்து நின்றார். கேப்டன் கடலைப் பார்த்தார். வடக்கே வானம் மங்கலாக இருந்தது. இன்னொரு புயல் கிளம்பிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு மிஸ் யூனாவைப் பார்த்தார். இந்த முறை கொஞ்சம் கூடுதல் நேரம்.

"யூனா... உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"முதல்ல அண்டாவத் தேய்," என்றார் மிஸ் யூனா. "அப்புறம் கேளு."

கேப்டன் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு, ஒரு பிடி மணலை அள்ளினார்.